தொழுநோயாளரின் தோழர் டேமியன் அடிகளார்

பிணி கொடியது, பிணியாளரை ஒதுக்கும் மனமோ அதனினும் கொடியது. இவ்வுண்மையைத் தம் வாழ்வால் உலகுக்கு உணர்த்திய பெருந்தகை டேமியன் அடிகளார்.

பெல்ஜியம் நாட்டின் டிரெமெலோ என்னும் சிற்றூரில், 1840ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3ஆம் நாள், வேளாண் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யோசேப்பு. தமையனாரைப் பின்பற்றித் துறவற சபையில் சேர்ந்து, டேமியன் என்னும் பெயர் பூண்டார். இறைப்பணிக்காக ஹவாய்த் தீவுகளுக்குச் செல்லவிருந்த தமையனார் நோயுற்றமையால், அவருக்கு மாற்றாக இவர் கப்பலேறினார். 1864இல் ஹோனலூலு நகரை அடைந்து, அவ்வாண்டிலேயே குருப்பட்டம் பெற்றார்.

அந்நாளில் ஹவாயில் தொழுநோய் பரவிக்கொண்டிருந்தது. அதற்கு மருந்தில்லை. நோயுற்றோரைப் பிரித்து வைக்க 1865இல் அரசு சட்டம் இயற்றியது. மறு ஆண்டு முதல் அவர்கள் மொலக்காய்த் தீவின் கலாவாவோ பகுதிக்கு அனுப்பப்பெற்றனர். மூன்று புறம் கடல்; நான்காம் புறம் செங்குத்தான மலை. தாயைப் பிள்ளையினின்றும், கணவனை மனைவியினின்றும் சட்டம் பிரித்தது. குற்றம் செய்யாதவர்க்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

1873 மே 10 அன்று டேமியன் அடிகளார் அங்குச் சென்றார். குருமார் சிலர் முறை வைத்துச் சென்று வருவதென்பதே முதல் ஏற்பாடு. முதலில் சென்ற அவரோ திரும்பவில்லை. தொடக்கத்தில் மரத்தடியே அவருக்கு உறைவிடமாயிற்று. நோயாளரின் புண்களைக் கழுவிக் கட்டினார். அவர்களோடு ஒரே கலத்தில் உண்டார். வீடுகள் கட்டினார், குழாய் வழியே நன்னீர் கொணர்ந்தார், பெற்றோரற்ற சிறார்க்கு இல்லம் அமைத்தார். இறந்தோர்க்குப் பெட்டி செய்து, குழி வெட்டி, மனிதர்க்குரிய மதிப்போடு அடக்கம் செய்தார். நோயாளரையும் பணியில் சேர்த்து, பயிரிடவும் பாடவும் ஊக்கினார். இயேசு பெருமான் தொழுநோயாளரைத் தொட்டுக் குணமாக்கினார் என்பது நற்செய்தி. குணமாக்கும் ஆற்றல் அடிகளாரிடம் இல்லை. தொடும் துணிவு இருந்தது.

1884இன் இறுதியில், கொதிநீர் பட்டும் தம் கால் வலியை உணராதது கண்டு, நோய் தம்மையும் பற்றியதை அறிந்தார். அதன் பின்னும் பணி நிற்கவில்லை. 1888இல் அன்னை மரியானும் அவருடன் வந்த கன்னியரும் அங்கு வந்து துணைநின்றனர். 1889 ஏப்ரல் 15 அன்று, தம் 49ஆம் வயதில், அடிகளார் அம்மக்களிடையே உயிர் நீத்தார். 2009இல் திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது.

அடிகளார் மொலக்காய் சென்ற அதே 1873இல்தான், நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. நோய் முற்றிலும் குணமாகும் நிலை வந்தது. ஹவாயின் பிரிப்புச் சட்டம் 1969இல் ஒழிந்தது. நம் நாட்டில் 1898இல் வந்த தொழுநோயாளர் சட்டமோ 2016இல்தான் நீக்கப்பட்டது.

இளைஞர்காள்! தனிக் குவளையின் கொடுமையைப் பட்டறிந்தோர் நம் முன்னோர். அவர்தம் வழிவந்த நம் வீட்டில், நோயுற்றவர்க்குத் தனிக் குவளை வைத்து முகம் திருப்பலாகுமா? கல்வி தந்த அறிவு அச்சத்தைப் போக்கட்டும்; அன்பு கரத்தை நீட்டட்டும். அடிகளாருக்கு நாம் செலுத்தும் வணக்கம் அதுவேயாகும்.