கணிப்பொறிக்கு மொழி தந்த மாதரசி

அரிய மருந்தொன்றைக் கண்டறிந்த மருத்துவன், அதனை உண்ணும் அளவையும் காலத்தையும் எழுதி உடன் அளிக்காவிடின், நோயாளிக்கு அம்மருந்தால் விளையும் பயன் யாது? நுட்பமான பொறி ஒன்றை ஆக்கியவன், அதனை இயக்கும் முறையைத் தன் நெஞ்சிலேயே பூட்டி வைப்பானாயின், அவன் மறைந்த அன்றே அப்பொறியும் ஊமையாகிவிடும் அன்றோ? கருவியை ஆக்குவது ஒரு தொண்டு. அதனைப் பிறர் ஏவுதற்குரிய மொழியையும், அம்மொழியை விளக்கும் நூலையும் கருவியோடு சேர்த்து அளிப்பது அதனினும் பெருந்தொண்டு. கணிப்பொறித் துறையில் இத்தொண்டினைத் தலைமேற்கொண்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார் ஆவார்.

இளமையும் கல்வியும்

கிரேஸ் 1906-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் பிறந்தார். தாயார் மேரி, கணிதத்தில் பெருவிருப்பம் உடையவர். தந்தையார் வால்ட்டர் மர்ரி, பெண்மக்களும் ஆண்மக்களைப் போன்றே உயர்கல்வி பெற்றுத் தம் காலில் நிற்றல் வேண்டும் என்னும் கொள்கையர். இத்தகைய பெற்றோரின் மகளுக்கு எதனையும் ஆராய்ந்து அறியும் வேட்கை இளமையிலேயே அமைந்ததில் வியப்பில்லை.

கிரேஸுக்கு ஏழு வயது நடந்தபொழுது, எழுப்பு மணிக் கடிகாரம் எவ்வாறு ஓடுகின்றது என்று காண விரும்பி, அதனைக் கழற்றிப் பார்த்தார். மீண்டும் பூட்ட இயலவில்லை. வீட்டில் இருந்த மற்றொரு கடிகாரத்தைத் திறந்தால் வழி தெரியும் என்று எண்ணி அதனையும் கழற்றினார். இங்ஙனம் ஏழு கடிகாரங்கள் உறுப்பு உறுப்பாகப் பிரிந்து கிடந்த பின்னரே தாயார் அதனைக் கண்டார். அவர் மகளைக் கடிந்து ஒதுக்கவில்லை. இனி ஆராய்வதற்கு ஒரு கடிகாரமே உரியது என்று வரையறுத்து விட்டார்.

வாசர் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் பயின்று 1928-இல் பட்டம் பெற்ற கிரேஸ், யேல் பல்கலைக்கழகத்தில் 1930-இல் முதுகலைப் பட்டமும், 1934-இல் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 1930-இல் வின்சென்ட் ஹாப்பர் என்பவரை மணந்து, கிரேஸ் ஹாப்பர் என்னும் பெயர் பூண்டார். தாம் பயின்ற வாசர் கல்லூரியிலேயே 1931 முதல் கணிதம் கற்பித்து வந்தார்.

போர்க்காலப் பணி

1941-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. கிரேஸின் முன்னோருள் ஒருவர் கப்பற்படைத் தலைவராக விளங்கியவர். அவ்வழியில் தாமும் நாட்டுக்கு உழைக்க விரும்பிக் கப்பற்படையை நாடினார். ஆனால் அவருடைய வயது முப்பதைக் கடந்திருந்தது. உடல் எடையோ, விதித்த அளவாகிய 120 பவுண்டுக்கு 15 பவுண்டு குறைந்திருந்தது. அவர் மனம் தளரவில்லை. சிறப்பு இசைவு பெற்று 1943 டிசம்பரில் கப்பற்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்தார். பயிற்சியில் முதலிடம் பெற்றுத் தேறி, 1944-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹோவார்டு எய்க்கன் தலைமையில் நடந்து வந்த கணிப்புப் பணிக்கு அனுப்பப்பட்டார்.

அங்கு மார்க்-1 என்னும் கணிப்பொறி நிறுவப்பட்டிருந்தது. அதன் நீளம் 51 அடி. உயரம் 8 அடி. நிறை ஏறத்தாழ 5 டன். ஒரு நொடியில் மூன்று முறை கூட்டல் செய்ய வல்லது அது. இன்ன எண்ணை இன்ன எண்ணோடு கூட்டுக, விடையை இன்ன இடத்தில் வைக்க என ஒவ்வொரு கட்டளையையும் காகித நாடாவில் துளைகளாக இட்டு அதற்கு ஊட்டுதல் வேண்டும். இக்கட்டளைகளின் வரிசையே நிரல் எனப்படும்.

இவ்வளவு பெரிய பொறிக்குப் பயன்படுத்துவோர் படித்தறியத்தக்க முழுமையான நூல் ஒன்றும் அப்பொழுது இல்லை. முன்னரே அங்குப் பணிபுரிந்தோரிடம் கேட்டும், மின்கம்பி வரைபடங்களை ஆராய்ந்தும் ஹாப்பர் அதன் இயல்பை அறிந்து கொண்டார். அந்நிலையில், பொறியின் வரலாறு, அமைப்பு, இயக்கும் முறை ஆகியவற்றை விளக்கும் நூல் ஒன்றை எழுதுமாறு எய்க்கன் அவரைப் பணித்தார். நூல் எழுதிப் பழக்கமில்லை என்று அவர் தயங்கினார். எனினும் படைத்துறையில் தலைவரின் ஆணையை மறுத்தல் இயலாது. அவர் பெரும்பங்கு எழுதித் தொகுத்த அக்கையேடு, ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்களோடு 1946-இல் வெளிவந்தது. கணிப்பொறியை இயக்குதற்கென எழுதப்பட்ட கையேடுகளுள் மிகப் பழமையானவற்றுள் அஃது ஒன்றாகும். பொறியை அறிந்தோர் உள்ளத்தில் மட்டும் இருந்த கல்வி, அந்நூலால் படிப்போர் அனைவர்க்கும் உரியதாயிற்று.

எதனையும் எழுதி வைக்கும் வழக்கம் அக்குழுவினரிடம் வேரூன்றியிருந்தது. 1947 செப்டம்பர் 9-ஆம் நாள், அடுத்துச் செய்யப்பட்ட மார்க்-2 என்னும் பொறியின் பழுதுக்குக் காரணம் தேடியவர்கள், அதனுள் விட்டிற்பூச்சி ஒன்று சிக்கியிருக்கக் கண்டனர். அப்பூச்சியை எடுத்து அன்றைய நாட்குறிப்பேட்டிலேயே ஒட்டி, அதன் கீழ்க் குறிப்பும் எழுதி வைத்தனர். அந்நிகழ்ச்சியை ஹாப்பர் பிற்காலத்தில் பலரிடம் சுவையாக எடுத்துரைப்பார். அக்குறிப்பேடு இன்றும் அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றில் காக்கப்பட்டு வருகின்றது.

தொகுப்பி தோன்றிய வரலாறு

ஹார்வர்டில் பணிபுரிந்தோர், ஒருமுறை பிழையின்றி இயங்கிய நிரற்பகுதிகளைத் தத்தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தனர். மற்றொருவருக்கு அப்பகுதி தேவைப்படின், குறிப்பேட்டை வாங்கிக் கையால் படியெடுத்துக் கொள்வார். ஏட்டுச்சுவடிகளைப் படியெடுத்தோர் கைப்பிழையால் பாடபேதங்கள் மலிந்தது போல, இங்கும் படியெடுக்குந்தோறும் பிழைகள் புகுந்தன. சுவடியில் புகுந்த பிழை பொருளை மயக்கும். நிரலில் புகுந்த பிழையோ பொறியையே தவறான வழியில் செலுத்திவிடும். இத்துன்பத்திற்கு முடிவு காணுதல் வேண்டும் என்று ஹாப்பர் உறுதி கொண்டார்.

1949-இல் அவர் பிலடெல்பியா நகரில் எக்கர்ட், மாக்லி என்னும் அறிஞர் இருவர் நடத்திய கணிப்பொறி நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டில் அதனை ரெமிங்டன் ராண்டு நிறுவனம் வாங்கிக் கொண்டது. அங்கு உருவாகி வந்த யூனிவாக் என்னும் கணிப்பொறி காந்த நாடாக்களைப் பயன்படுத்தியது. தேர்ந்த நிரற்பகுதிகளை அந்நாடாவில் பதிந்து, நூலகத்தில் நூல்களுக்கு எண் இடுவது போல ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் இட்டார் ஹாப்பர். வேண்டிய பகுதிகளின் அடையாளங்களை மட்டும் வரிசையாக எழுதிக் கொடுத்தால், பொறியே அவற்றைத் தேடி எடுத்து ஒரு முழு நிரலாகத் தொகுத்துவிடும். படியெடுக்கும் வேலை மனிதர் கையினின்று பொறியின் கைக்கு மாறியது. 1952-இல் இயங்கிய இந்நிரலே ஏ-0 என்னும் தொகுப்பியாகும்.

கணிப்பொறி கணக்கிடுவதற்கே உரியது. நிரல் எழுதுதல் அதனால் இயலாது என்று பலர் அப்பொழுது நம்பினர். தொகுப்பி இயங்கிக் காட்டிய பின்னரும் அதனைப் பயன்படுத்த அவர்கள் முன்வரவில்லை. ஹாப்பர் வாதிட்டுக் கொண்டிருப்பதினும் வழங்குவதே நன்றெனக் கண்டார். 1953-இல் ஏ-2 என்னும் திருந்திய தொகுப்பியை யூனிவாக் வாங்கியோர்க்கு, அதன் மூல நிரலும் ஒளிவின்றித் தெரியுமாறு நிறுவனம் அளித்தது. திருத்தங்கள் காண்போர் அவற்றை எழுதியனுப்புமாறும் கேட்டுக்கொண்டது. கருவியைப் பெற்றவரே அதனைச் செப்பனிடும் துணைவரும் ஆயினர்.

சொற்களால் அமைந்த மொழி

வாணிகக் கணக்கர்கள் கணிதக் குறியீடுகளைக் கண்டு அஞ்சுவதை ஹாப்பர் நேரில் கண்டவர். அவர்கள் நாள்தோறும் வழங்கும் ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளை எழுத இயலுமாயின், கணிப்பொறி ஒரு சிலர் உடைமையாக இராது என்று கருதினார். கணிப்பொறிக்கு ஆங்கிலம் புரியாது என்று கூறி மேலாளர்கள் அதனை மறுத்தனர்.

1955-இல் ஹாப்பரின் குழுவினர் சிறியதொரு தொகுப்பியை ஆக்கி, ஆங்கிலச் சொற்களாலான நிரலை அவர்கள் முன் இயக்கிக் காட்டினர். பொறிக்குச் சொற்கள் வெறும் அடையாளங்களே. எம்மொழிச் சொல்லாயினும் அதற்கு ஒன்றே என்பதை விளக்கும் பொருட்டு, அந்நிரலையே பிரெஞ்சு மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் எழுதிக் காட்டினர். வந்தது வினை! அமெரிக்க நாட்டுக் கணிப்பொறி அயல்மொழி பேசுவதா என்று மேலாளர்கள் திகைத்தனர். ஆங்கிலத்திற்கு மட்டுமே என்று உறுதி கூறி அவர்களைத் தேற்ற வேண்டியதாயிற்று. இம்முயற்சியில் விளைந்ததே புளோ-மேட்டிக் என்னும் நிரல்மொழி. யூனிவாக் பொறியை ஆண்டோர்க்கு அம்மொழியும் அதன் கையேடும் 1958 அளவில் வழங்கப்பட்டன.

கோபால் மொழி

அக்காலத்தில் நிறுவனந்தோறும் பொறி வேறு. பொறிதோறும் மொழி வேறு. ஒரு பொறிக்கு எழுதிய நிரல் மற்றொன்றுக்கு உதவாது. பொறியை மாற்றுவோர் பல ஆண்டு உழைப்பைக் குப்பையில் இட்டுப் புதிதாகத் தொடங்குதல் வேண்டும். இந்நிலையை மாற்ற, 1959 மே மாத இறுதியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சார்பில் பென்டகனில் ஒரு கூட்டம் கூடியது. பல நிறுவனத்தாரும் அரசுத் துறையினரும் அதில் கலந்துகொண்டு, எல்லாப் பொறிகளுக்கும் பொதுவாகிய வாணிக மொழி ஒன்றை அமைக்க முடிவு செய்தனர். அதுவே கோபால் எனப் பெயர் பெற்றது. அதனை வடித்தவர் குழுவினர் பலர். ஹாப்பர் அவர்களுக்கு அறிவுரை கூறும் நிலையில் இருந்தார். எனினும் அம்மொழிக்குப் பேரளவில் அடிப்படையாய் அமைந்தது அவருடைய புளோ-மேட்டிக்கே.

கோபால் மொழியின் இலக்கணத்தை விளக்கும் அறிக்கை 1960-இல் அரசு அச்சகத்தின் வாயிலாக வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஒரே நிரல், ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் பொறியிலும் யூனிவாக்-2 பொறியிலும் செவ்வனே இயங்கியது. தான் வாங்கும் கணிப்பொறிகளோடு கோபால் தொகுப்பியும் வருதல் வேண்டும் என்று பாதுகாப்புத் துறை வற்புறுத்தியது. அரசின் வாணிகத்தை இழக்க விரும்பாத நிறுவனங்கள் அதற்கு இசைந்தன. பொறியின் வேலைகளை ஒழுங்குபடுத்தி நடத்தும் இயங்குதளம் என்னும் தலைமை நிரல் அப்பத்தாண்டில் பெருவழக்காயிற்று. இயங்குதளம், நிரல்மொழியின் தொகுப்பி, அவற்றை விளக்கும் கையேடுகள் ஆகிய மூன்றும் ஒரு தொகுதியாகப் பொறியோடு வந்து சேரும் முறை நிலைபெறலாயிற்று.

மீண்டும் அழைப்பு

ஆயினும் ஒரு குறை எஞ்சியிருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் கோபாலில் தன் விருப்பம் போலச் சிறு மாறுதல்களைப் புகுத்தியது. பெயர் ஒன்று; மொழி பல என்றாயிற்று. கையேட்டில் உள்ளவாறு எழுதிய நிரல், தொகுப்பியில் இயங்காது போகும். விளக்கம் ஒன்றும் பொறி வேறொன்றும் கூறின், கற்போன் எதனை நம்புவான்?

ஹாப்பர் 1966-ஆம் ஆண்டின் இறுதியில் வயது முதிர்வால் கப்பற்படையிலிருந்து பெருந்துயரத்தோடு ஓய்வு பெற்றிருந்தார். கோபால் வழக்கை ஒழுங்குபடுத்த வல்லார் வேறொருவரைக் காணாத கப்பற்படை, 1967 ஆகஸ்டில் அவரை ஆறு மாதப் பணிக்கென மீண்டும் அழைத்தது. அந்த ஆறு மாதம் பத்தொன்பது ஆண்டுகளாக நீண்டது! அவர் தலைமையில் இயங்கிய குழுவினர், தொகுப்பிகளைத் தேர்வு செய்யும் சோதனை நிரல்களை இயற்றினர். மொழியின் இலக்கணத்தில் கூறியது ஒவ்வொன்றையும் தொகுப்பி நிறைவேற்றுகின்றதா என்று அவை ஆராய்ந்து காட்டும். எழுதிய சொல்லும் இயங்கும் பொறியும் ஒத்திருத்தல் வேண்டும் என்னும் அறம் இவ்வாறு நிலைநாட்டப்பட்டது. பின்னர் அரசின் ஏனைத் துறைகளும் இம்முறையைத் தழுவின.

முதுமையிலும் அவர் ஓயாது சொற்பொழிவாற்றினார். ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி செல்லும் தொலைவு இவ்வளவே என, ஓரடிக்குச் சற்றுக் குறைந்த கம்பித் துண்டுகளை அவையோர்க்கு அளித்து விளக்குவார். கண்ணுக்குப் புலப்படாத கருத்தையும் கையில் கொடுத்துக் கற்பிப்பதே அவர் முறை. பழக்கம் என்பதற்காக எதனையும் பின்பற்றலாகாது என்பதற்கு அறிகுறியாக, இடப்புறமாகச் சுற்றும் கடிகாரம் ஒன்றைத் தம் அலுவலகச் சுவரில் மாட்டி வைத்திருந்தார்.

1986 ஆகஸ்டு 14-ஆம் நாள், பாஸ்டன் துறைமுகத்தில் கான்ஸ்டிடியூஷன் என்னும் பழம்பெரும் கப்பலின் மேல் நடந்த விழாவில், தமது 79-ஆம் வயதில் ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி முதல் நாள் இயற்கை எய்தினார். அவர் பெயர் தாங்கிய போர்க்கப்பல் 1997-இல் கடற்பணியில் சேர்ந்தது. 2016-இல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருது அவருக்கு அளிக்கப்பட்டது.

இன்று இயங்குதளங்கள் பலவற்றோடு நிரல்மொழிகளும் அவற்றின் விளக்கங்களும் சேர்ந்தே வருகின்றன. தொலைதூரச் சிற்றூரில் ஆசிரியர் இன்றித் தனித்திருந்து பயிலும் மாணவனும் அவற்றைத் திறந்து கற்க இயலும். புதியது கண்டறிவோரை உலகம் போற்றுகின்றது. கண்டறிந்ததைப் பிறர்க்கும் விளங்குமாறு எழுதி, எழுதியவாறே இயங்கவும் செய்து, மறைக்காது வழங்குவோரும் அவர்களோடு ஒப்பப் போற்றத்தக்கவரே. கிரேஸ் ஹாப்பர் அம்மையாரின் வாழ்க்கை உணர்த்தும் உண்மை இதுவாகும்.