காவல் நின்ற தங்கராஜ்

பட்டிப்பொலைக் குன்றுகளைப் போன்றே தேயிலை செழிக்கும் நீலகிரியின் வெலிங்டனில், மதராஸ் படைப்பிரிவுப் பயிற்சி நிலைய உதைபந்தாட்டக் குழுவில் ஆடிப் புகழ்பெற்ற பீற்றர் தங்கராஜ் அவர்களை நாம் ஈண்டு நினைவுகூர்கின்றோம்.

1935 இல் ஹைதராபாத்தில் பிறந்த அவர், 1953 இல் படையிற் சேர்ந்தார். கோல் அடிக்கும் முன்னணி ஆட்டக்காரராகத் தொடங்கியவர், பின்னர்க் கோல் காப்பாளரானார். 1955 ஆம் ஆண்டுப் போட்டிப் பருவத்தில் அக்குழு டூரண்ட் கிண்ணத்தை வென்றது. 1958 இலும் வென்றது. மெல்பேர்ன், றோம் ஒலிம்பிக் குழுக்களிலும், 1962 இல் ஜகார்த்தாவில் ஆசியப் பொற்பதக்கம் பெற்ற இந்தியக் குழுவிலும் இடம்பெற்ற அவர், 2008 இல் மறைந்தார்.

கோல் அடிப்போரை மைதானம் ஆரவாரித்துப் போற்றும். காப்போன் தவறும்போதே உலகம் அவனை நோக்கும். அவ்விடத்தையே ஏற்றுப் புகழ் கண்டார் தங்கராஜ். தமக்குக் கிட்டியது பின்வரிசையே எனச் சோரும் நம் மாணவர் இதனை எண்ணுவாராக.