அமோஸ் அலான்சோ ஸ்டாக்

அமெரிக்கக் கலாசாலைகளில் ஆட்டத்தையும் கல்வியையும் ஒருங்கே வளர்க்க முயன்றோருள் அமோஸ் அலான்சோ ஸ்டாக் என்பார் முன்னிற்பவர். இவர் 1862-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் நியூ ஜெர்சி மாகாணத்தில் செருப்புத் தைக்கும் எளிய தொழிலாளி ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். குருத்துவம் கற்கும் நோக்கத்தோடு யேல் சர்வகலாசாலை சேர்ந்தவர், அங்கே பேஸ்பால் பந்தெறிவதில் பெரும்புகழ் எய்தினார். கூலிக்கு ஆடுமாறு வந்த அழைப்பை மறுத்தார். பிரசங்கத்திற்கு வேண்டிய நாவன்மை வாய்க்காமையால், ஆட்டக்களத்தில் வாலிபரைப் பண்படுத்துவதே தம் ஊழியமெனத் துணிந்தார். 1892-ல் சிக்காகோ சர்வகலாசாலையின் தலைவரான ஹார்ப்பர், யேலில் தம்மிடம் பயின்ற இவரை அழைத்து, ஆசிரியர் குழாத்திலேயே நிலையான பதவி அளித்தார்.

அமெரிக்கக் கால்பந்து என்பது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிர்ப்பவரை மோதி வீழ்த்தும் ஆட்டம். அதற்கு வலியோரே வேண்டும். ஆகவே கல்வித் தகுதி குன்றியோரையும் கலாசாலைகள் வலிந்து சேர்த்து வந்தன. 1896-ல் சிக்காகோ உள்ளிட்ட ஏழு சர்வகலாசாலைகள் கூடி, பாடங்களில் பின்தங்காத மெய்யான மாணாக்கரே ஆடலாமென விதித்தன. விதி இருந்தும் வழக்கம் மாறவில்லை.

ஸ்டாக்கின் களமே இதற்குச் சான்று. வால்ட்டர் எக்கர்சால் என்னும் இளைஞர் நுழைவுக்குரிய பாடங்கள் சில நிறைவுறாமலே அங்கே சேர்க்கப்பட்டார். அவர் ஆடிய குழு 1905 நவம்பரில், நெடுங்காலம் தோலாதிருந்த மிச்சிகனை 2-0 என வென்றது. வெற்றிக் களிப்பில் பாட ஏட்டைப் புரட்டிப் பார்ப்பார் யார்? அந்நாளில் கோலியர்ஸ் பத்திரிகை இத்தகைய குறைகளை ஊரறிய எழுதிற்று. எக்கர்சாலோ பட்டம் பெறாமலே வெளியேறினார். ஊழிய நோக்கோடு களம் புகுந்த ஸ்டாக்கின் நிழலில் இது நிகழ்ந்ததை எண்ணுங்கால் நமக்கு வருத்தமே உண்டாகிறது.

1906-ல் விதிகள் கடுமையாயின. புதிதாய்ச் சேர்பவர் ஓராண்டு தங்கி, அவ்வாண்டின் பாடங்களை முற்ற முடித்த பின்னரே ஆடலாம், அதுவும் மூவாண்டே. இவ்விதிகளை ஏலாது விலகிய மிச்சிகன், 1917-லேதான் மீண்டும் வந்து சேர்ந்தது. இது நல்லோர் செய்த நல்விதி என்றே நாம் கருதுகிறோம்; ஓராண்டு காத்திருந்த இளைஞன் இழந்தது சில ஆட்டங்களே.

ஸ்டாக் அவ்விதிகளுக்குட்பட்டும் குழுக்களை நடத்தி, 1932-ல் எழுபதாம் வயதில் சிக்காகோவை விட்டகன்றார். பின்னர் கலிபோர்னியாவில் பசிபிக் கலாசாலையில் 1946 வரை பயிற்றினார். 1965 மார்ச்சு 17-ஆம் நாள், 102-ஆம் வயதில், ஸ்டாக்டன் நகரில் காலமானார்.