அடுத்த நோய்க்கு முன்பே ஆயத்தமான மருத்துவர்: வூ லியன் டே

1879-ஆம் ஆண்டு பினாங்கில் பிறந்த வூ லியன் டே, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றவர். 1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் கொள்ளைநோய் பரவியபோது, சீன அரசு அவரை அங்கு அனுப்பியது.

எலிகளின் தெள்ளுப்பூச்சிகளே பிளேக் நோயைப் பரப்புகின்றன என்று அக்காலத்தில் பெரிதும் நம்பப்பட்டது. ஹார்பினில் பரவியதோ நுரையீரல் பிளேக். அது இருமல் வழியே மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுகிறது என அவர் முடிவு செய்தார். பஞ்சும் மெல்லிய துணியும் கொண்ட முகக்கவசத்தை அணியுமாறு வலியுறுத்தினார். அதனை ஏற்காத மூத்த பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் சில நாள்களில் அந்நோய்க்கே பலியானார். நோயாளிகளுடன் பழகியோர் இரயில் பெட்டிகளில் தனிமைப்படுத்தப்பட்டனர். 1911 மார்ச்சில் ஹார்பினில் நோய் அடங்கியது. ஆயினும் மஞ்சூரியப் பகுதியில் சுமார் 60,000 பேர் மாண்டிருந்தனர்.

அவர் அத்துடன் ஓயவில்லை. 1912-இல் கொள்ளைநோய்த் தடுப்புக்கென நிலையான பணியகம் ஒன்றை அமைத்து, நோயில்லாத ஆண்டுகளிலும் மருத்துவமனைகளையும் பயிற்சி பெற்ற பணியாளர்களையும் ஆயத்தமாக வைத்திருந்தார். 1920-21-இல் அதே நோய் மீண்டும் வந்தபோது உயிரிழப்பு ஏறத்தாழ 9,000 என்ற அளவில் நின்றது. 1960-இல் அவர் பினாங்கில் காலமானார்.

நோயற்ற நாள்களே ஆயத்தத்திற்குரிய நாள்கள். உங்கள் இல்லத்தில் முகக்கவசம், சோப்பு, அன்றாட மருந்துகள், அருகிலுள்ள மருத்துவமனையின் தொலைபேசி எண் ஆகியவை உள்ளனவா? ஒருவர் நோயுற்றால் அவரை எங்கே தனியே தங்க வைப்பீர்கள், அவரை யார் கவனிப்பார்? குடும்பத்தினருடன் கலந்து இன்றே முடிவு செய்யுங்கள்.