தி.நகரில் இருக்கும் 'தி' யார்?

குழந்தைகளே, தீபாவளிக்குத் துணி எடுக்க அப்பா அம்மாவோடு தி.நகர் போயிருப்பீர்கள். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நசுங்கியிருப்பீர்கள். அந்தத் தி.நகரில் இருக்கும் 'தி' யார் என்று எப்போதாவது யோசித்தது உண்டா?

நான் பாடம் நடத்திய காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டால், வகுப்பில் பாதிப் பேர் திருவையாறு தியாகராஜ சுவாமிகள் என்று கையைத் தூக்குவார்கள். அவர் வேறு. இவர் சர் பிட்டி தியாகராயர். கீர்த்தனை பாடியவர் அல்ல; சென்னை மாநகராட்சியில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உழைத்தவர்.

தியாகராயர் 1852-ஆம் ஆண்டு பிறந்தார். நெசவைத் தொழிலாகக் கொண்ட, தெலுங்கு பேசும் குடும்பம். மாநிலக் கல்லூரியில் படித்து 1876-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் பட்டம் வாங்கினால் சர்க்கார் உத்தியோகம் தேடிப் போவதுதான் வழக்கம். இவரோ தொழிலைக் கவனித்தார், தறிகள் வைத்துத் துணி நெய்தார். வண்ணாரப்பேட்டைப் பக்கம் பிள்ளைகள் படிக்க ஒரு பள்ளிக்கூடமும் தொடங்கினார்.

எப்போதும் வெள்ளை வேட்டி, வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை. அதனால் 'வெள்ளுடை வேந்தர்' என்றே அவருக்குப் பெயர். 1922-ல் இங்கிலாந்து இளவரசர் சென்னைக்கு வந்தபோதுகூட அந்த உடையிலேயே போய் வரவேற்றார் என்று சொல்வார்கள்.

1882-ல் மாநகராட்சி உறுப்பினர் ஆனார். மாநகராட்சியின் தலைவர் பதவியில் அதுவரை அரசு அதிகாரிகளே இருந்து வந்தார்கள். அதிகாரி அல்லாத ஒருவர் அந்த நாற்காலியில் முதன்முதலாக அமர்ந்தார் என்றால் அவர் தியாகராயர்தான்.

இப்போது நான் சொல்லப் போவதைக் கவனமாகக் கேளுங்கள். ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே படித்தவர்கள் மிகவும் ஏழைப் பிள்ளைகள். வயிறு காய்ந்தால் பாடம் எப்படி ஏறும்? பிள்ளைகள் பள்ளிக்கு வருவதே குறைந்தது. தியாகராயர் இதை மாநகராட்சி மன்றத்தில் எடுத்துச் சொன்னார். அந்தப் பிள்ளைகளுக்குப் பகலில் சிற்றுண்டி கொடுக்க 1920 செப்டம்பர் 16 அன்று தீர்மானம் நிறைவேறியது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது கணக்கு. அணா என்றால் உங்களுக்குத் தெரியாது. பதினாறு அணா சேர்ந்தால் ஒரு ரூபாய். நீங்கள் இன்று பள்ளியில் சாப்பிடுகிற மதிய உணவுக்கு முன்னோடி அந்த ஒரு அணாச் சிற்றுண்டிதான்!

பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு இது விரிந்தது. விளைவைப் பாருங்கள். 1922-23-ல் அந்தப் பள்ளிகளில் எல்லாமாகச் சேர்த்து 811 பிள்ளைகள். 1924-25-ல் 1,671 பிள்ளைகள்! இரண்டே ஆண்டில் இரு மடங்குக்கு மேல். ஆசிரியராக இருந்த எனக்கு இந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நெகிழும். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரைச் சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் 1925 ஏப்ரல் 1 முதல் இதற்கு முட்டுக்கட்டை விழுந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு செய்யக் கூடாது என்று ஆங்கிலேய அரசு சொல்லிவிட்டது. அதே 1925-ஆம் ஆண்டில் தியாகராயரும் காலமானார். நின்றுபோன திட்டம் சில ஆண்டுகளில் திரும்பவும் தலையெடுத்தது. 1956-ல் காமராஜர் மாநிலம் முழுவதற்கும் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022-ல் காலை உணவும் தொடங்கியது.

தியாகராயர் அரசியலிலும் பெரிய தலைவர். முதலில் காங்கிரசில் இருந்தார். படிப்பிலும் அரசு வேலையிலும் பிராமணர் அல்லாத சமூகத்தாருக்கு உரிய பங்கு கிடைக்க வேண்டும் என்று 1916-ல் டாக்டர் நடேசனார், டி.எம்.நாயர் ஆகியோருடன் சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தொடங்கினார். அவர்கள் நடத்திய 'ஜஸ்டிஸ்' என்ற ஆங்கிலப் பத்திரிகையின் பெயரால் அது நீதிக்கட்சி ஆயிற்று. காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தை இந்தக் கட்சி ஏற்கவில்லை. அதற்காகத் தியாகராயரைக் கடுமையாகக் குறை சொன்னவர்களும் உண்டு.

1920-ல் சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்தது. நீதிக்கட்சி வென்றது. ஆட்சி அமைக்க வாருங்கள் என்று கவர்னர் வெலிங்டன் தியாகராயரை அழைத்தார். வந்த பதவியை யாராவது வேண்டாம் என்பார்களா? அவர் வேண்டாம் என்றார்! கட்சிப் பணியே போதும் என்று இருந்துவிட்டார். சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரி ஆனார். அவர் உடல்நலம் குன்றி விலகியதும் பனகல் அரசர் அந்த இடத்துக்கு வந்தார்.

பனகல் என்றதும் உங்களுக்குப் பூங்கா நினைவுக்கு வருகிறது அல்லவா? அந்தப் பக்கம் ஒரு காலத்தில் நீளமான பெரிய ஏரி. அதில் படகுப் போட்டிகூட நடந்திருக்கிறது. நீதிக்கட்சி ஆட்சியில் ஏரியைத் தூர்த்து, மாம்பலத்தில் புதிய குடியிருப்பை அமைத்து, அதற்குத் தியாகராய நகர் என்று பெயர் வைத்தார்கள். பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர். நடேசன் பூங்கா நடேசனார் பெயரில் இருக்கிறது. பாண்டி பஜார், சௌந்தரபாண்டியனார் பெயரின் சுருக்கம். அதே கட்சித் தலைவர்கள்தான் எல்லோரும்! ஓர் ஏரி போய்விட்டதே என்று எனக்கு வருத்தம் உண்டு. அது தனிக் கதை.

வடசென்னையில் அவர் பெயரில் ஒரு கல்லூரி இருக்கிறது, மெட்ரோ ரயில் நிலையமும் இருக்கிறது. சென்ட்ரல் பக்கம் போனால் ரிப்பன் மாளிகையில் அவர் சிலையைப் பாருங்கள். தலைப்பாகையை வைத்தே அடையாளம் கண்டுபிடித்துவிடலாம்.