டாம் சிம்ப்சன்: உலக சாம்பியனின் உயிரைப் பறித்த வெயில் மலை... அன்று நடந்தது என்ன?

1967 ஜூலை 13. தெற்கு பிரான்ஸில் வெயில் கொளுத்தியது. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் 13-வது கட்டம், மார்செய் நகரில் தொடங்கி கார்ப்பந்த்ரா வரை 211 கி.மீ. தூரம். நடுவில் மோன் வான்டூ மலை. உச்சிக்கு ஒன்றரை கிலோமீட்டர்கூட மிச்சமில்லாத இடத்தில் ஒரு வீரர் தள்ளாடி விழுந்தார். அவர் பெயர் டாம் சிம்ப்சன். வயது 29. தொழில்முறை சாலைப் பந்தயத்தில் பிரிட்டனின் முதல் உலக சாம்பியன்.

வெயிலில் ஒரு வீரரின் உடல் எவ்வளவு தாங்கும்? இன்னிக்கு அதை ஆய்வகத்திலேயே அளந்து சொல்லிடலாம். அன்னிக்கு அந்த வசதி இல்லை. மலையே பரிசோதனைக் கூடம், அதில் தோற்றால் உயிர் போகும் என்ற நிலைமை.

யார் இந்த சிம்ப்சன்?

1937 நவம்பர் 30-ம் தேதி, இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில் உள்ள ஹாஸ்வெல் கிராமத்தில் பிறந்தவர். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. ஆறு பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. பிறகு குடும்பம் நாட்டிங்ஹம்ஷயரில் உள்ள ஹார்வொர்த் ஊருக்குக் குடிபெயர்ந்தது. சின்ன வயசுல மளிகைச் சாமான்களை சைக்கிளில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் பையன்தான் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் பிரிட்டன் அணியோடு வெண்கலம் வென்றார். அப்போது அவருக்கு வயது வெறும் 19.

1959-ல் பெரிய கனவோடு பிரான்ஸ் போனார். அந்தக் காலத்தில் சாலைப் பந்தயம் என்றால் பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலி வீரர்களின் கோட்டை. வெளியாள் ஒருத்தர் அதில் நுழைவது ரொம்ப கஷ்டம். ஆனா சிம்ப்சன் நுழைந்தார். 1961-ல் டூர் ஆஃப் ஃப்ளாண்டர்ஸ் பட்டம். 1962-ல் டூர் டி பிரான்ஸில் மஞ்சள் ஜெர்ஸி அணிந்த முதல் பிரிட்டன் வீரர் என்ற பெருமை. அந்த ஜெர்ஸி ஒரே நாள்தான் அவரிடம் இருந்தது. ஆனாலும் பந்தயத்தை ஆறாவது இடத்தில் முடித்தார். 1964-ல் மிலான் - சான் ரெமோ பந்தயத்தையும் வென்றார்.

உடல் சொன்னதைக் கேட்காத மனிதர்

1965 டூர் டி பிரான்ஸில் கையில் ஏற்பட்ட காயம் சீழ்பிடித்தது. அப்பவும் அவர் சைக்கிளை விடவில்லை. கடைசியில் மருத்துவர்கள் தலையிட்டுத்தான் அவரை வெளியேற்ற வேண்டியிருந்தது. மருத்துவமனையில் கையில் அறுவை சிகிச்சை நடந்தது.

அதற்குச் சில வாரங்களிலேயே, செப்டம்பரில், ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் பகுதியில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் தங்கம் வென்றார். அந்த ஆண்டு பிபிசியின் சிறந்த விளையாட்டு ஆளுமை விருதும் அவருக்கே. உடம்பு முடியாது என்று சொன்னாலும், மனசு நினைத்தால் ஓட்டிவிடலாம் என்பதைத்தான் அந்த வருஷம் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கும்.

அடுத்த ஆண்டே சறுக்கல். 1966 ஜனவரியில் பனிச்சறுக்கு விளையாடும்போது கால் முறிந்தது. அந்த சீசன் வீணானது. அதனால 1967 டூர் டி பிரான்ஸ் அவருக்கு வாழ்வா சாவா போட்டி. நல்ல இடம் பிடித்தால்தான் அடுத்த ஒப்பந்தம், வருமானம். மனைவியும் இரண்டு மகள்களும் இருந்தார்கள்.

அந்த நாளில் என்ன நடந்தது?

மலைக்கு வருவதற்குச் சில நாள் முன்பே சிம்ப்சனுக்கு வயிற்றுக் கோளாறு, வயிற்றுப்போக்கு. சரியாகச் சாப்பிட முடியவில்லை. உடலில் நீர் ஏற்கெனவே குறைந்திருந்தது. ஆனாலும் பட்டியலில் ஏழாவது இடத்தில் இருந்ததால் விலக மனமில்லை.

தண்ணீருக்கும் கட்டுப்பாடு இருந்தது. ஒரு நாள் ஓட்டத்துக்கு ஒரு வீரருக்கு நான்கு பாட்டில்கள், அதாவது சுமார் 2 லிட்டர் மட்டுமே. கடும் வெயிலில் சைக்கிள் ஓட்டினால் ஒரு மணி நேரத்திலேயே ஒரு லிட்டருக்கு மேல் வியர்வை போகலாம். பந்தயமோ பல மணி நேரம். அதனால்தான் வீரர்கள் வழியில் உள்ள கடைகளில் புகுந்து கையில் கிடைத்ததை எடுத்து வருவார்கள். அன்று சக வீரர் ஒருவர் எடுத்து வந்ததில் பிராந்தியும் இருந்தது. சிம்ப்சன் அதைக் குடித்தார்.

மோன் வான்டூவின் உயரம் சுமார் 1,900 மீட்டர். மேல்பகுதியில் மரமே கிடையாது. வெறும் வெள்ளைச் சுண்ணாம்புக் கற்கள். மேலே வெயில், கீழே கல்லில் பட்டுத் திரும்பும் அனல். அன்று வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியது.

அங்கேதான் சிம்ப்சன் சாலையில் வளைந்து நெளிந்து ஓட்டத் தொடங்கினார். ஒருமுறை விழுந்தார். மீண்டும் சைக்கிளில் ஏற்றிவிட்டார்கள். சில நூறு மீட்டர் போனதும் மறுபடி நினைவிழந்தார். கைகள் ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே இருந்தன. மருத்துவர்கள் சாலையிலேயே போராடினார்கள். ஹெலிகாப்டரில் அவிஞ்ஞோன் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றும் காப்பாற்ற முடியவில்லை. கடைசியாக அவர் சொன்னதாகப் பரவிய பிரபல வாசகம்கூட, அந்த இடத்திலேயே இல்லாத ஒரு பத்திரிகையாளர் எழுதியது.

காரணம் வெயில் மட்டுமா?

இல்லை. அவருடைய ஜெர்ஸி பாக்கெட்டில் ஆம்ஃபெட்டமின் குழாய்கள் இருந்தன. பிரேதப் பரிசோதனையில் உடலில் அந்த மருந்தும் மதுவும் இருந்தது தெரியவந்தது.

இது ஏன் ஆபத்து? சைக்கிள் மிதிக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் கால் பங்கு அளவுதான் சக்கரத்தைச் சுற்றும். மற்றதெல்லாம் சூடாக மாறும். அந்தச் சூட்டை வியர்வைதான் வெளியேற்ற வேண்டும். நீர் குறைந்தால் வியர்வை குறையும், இதயம் இன்னும் வேகமாகத் துடிக்கும், உடல் சூடு ஏறும். சாதாரணமாக அந்தக் கட்டத்தில் களைப்பு வந்து நம்மை நிறுத்திவிடும். வீட்டில் ஃப்யூஸ் போவது மாதிரி. ஆம்ஃபெட்டமின் அந்தக் களைப்பையே உணர விடாது. ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு நேரடியாகக் கம்பி சுற்றியதுபோல ஆகிவிட்டது.

இன்று எப்படிச் சோதிக்கிறார்கள்?

சூடேற்றப்பட்ட அறையில் நிலையான சைக்கிளை மிதிக்க வைக்கிறார்கள். இதயத்துடிப்பையும், மிதிக்கும் சக்தியையும் நிமிடத்துக்கு நிமிடம் கவனிக்கிறார்கள். அதே வேகத்தில் மிதிக்கும்போதே துடிப்பு ஏறிக்கொண்டே போனால், உடல் வெயிலுக்குத் திணறுகிறது என்று அர்த்தம்.

விழுங்கக்கூடிய மாத்திரை வடிவ வெப்பமானி உடலின் உள்சூட்டைச் சொல்லும். சோதனைக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பார்கள். ஒரு கிலோ குறைந்தால், ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. அதை வைத்து எவ்வளவு குடிக்க வேண்டும் என்று திட்டமிடுவார்கள். ஒன்று, இரண்டு வாரம் வெயிலில் படிப்படியாகப் பயிற்சி செய்தால் உடல் பழகிக்கொள்ளும்; வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும்.

இப்படிச் சோதித்திருந்தால், வயிற்றுப்போக்கோடு இருந்த ஒருவர் அந்த மலைக்குத் தயாராக இல்லை என்பதைச் சாதாரண எடை மெஷினே காட்டிக்கொடுத்திருக்கலாம்.

அவருக்குப் பிறகு...

மறுநாள் சக வீரர்கள் வழிவிட, பிரிட்டன் அணியின் பேரி ஹோபன் முதலாவதாக எல்லைக்கோட்டைத் தொட்டார். 1968 டூர் டி பிரான்ஸில் ஊக்கமருந்து சோதனை கடுமையானது. ஹார்வொர்த்தில் அடக்கம் செய்யப்பட்ட சிம்ப்சனுக்கு, அவர் விழுந்த மலையிலும் நினைவுக்கல் உண்டு. அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறிவரும் சைக்கிள்காரர்கள் இன்றும் அங்கே நின்று, தங்கள் தொப்பியையோ தண்ணீர் பாட்டிலையோ வைத்துவிட்டுப் போகிறார்கள்.