எடையைக் குறைத்தவர், எல்லையை மறந்தவர்: கொலின் சப்மன்

வீதியில் ஓடும் கார் ஒன்றைப் பந்தயத் திடலுக்குக் கொண்டுசெல்ல விரும்பும் இளைஞர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது அதன் இயந்திரத்தில்தான். வலுவைக் கூட்டினால் வேகம் கூடும் என்பது அவர்களது கணக்கு. அக்கணக்கு பிழையானதல்ல, ஆயினும் அது முழுமையானதுமல்ல. கூடிய வலு நேரான பாதையிலேயே அதிகம் கைகொடுக்கும். எடை குறைந்த காரோ புறப்படும்போதும், வளைவில் திரும்பும்போதும், பிரேக் பிடிக்கும்போதும் பயனடைகின்றது. இந்த எளிய உண்மையைத் தனது வாழ்நாள் கோட்பாடாகக் கொண்டவர் பிரித்தானியப் பொறியியலாளர் கொலின் சப்மன். அவரது வெற்றிகளுக்கும், அவர்மீது இன்றுவரை படிந்துள்ள நிழலுக்கும் அக்கோட்பாட்டுடன் தொடர்புண்டு.

1928ஆம் ஆண்டு மே 19ஆம் திகதி பிறந்த சப்மன் வடலண்டனில் வளர்ந்தவர். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டடப் பொறியியல் பயின்ற காலத்தில், பகுதிநேரமாகப் பழைய கார்களை வாங்கி விற்றார். 1947இன் பிற்பகுதியில் போருக்குப் பிந்திய பெற்றோல் பங்கீடு மேலும் இறுக்கப்பட, கார்ச் சந்தை சரிந்தது. விற்க முடியாமல் எஞ்சியவற்றுள் ஒன்று பழைய ஒஸ்டின் செவின். அதனை அவர் தனது காதலி ஹேசலின் பெற்றோர் வீட்டுக் கராஜில் கழற்றி, ஒட்டுப்பலகையில் அலுமினியத் தகடு பொருத்திய புதிய உடலை அமைத்தார். 1948இல் உருவான அந்தக் காரே முதலாவது லோட்டஸ் ஆகும்.

1951இல் அவர் உருவாக்கிய மூன்றாவது கார் அவரது மனப்போக்கை நன்கு வெளிப்படுத்தியது. ஒஸ்டின் செவின் இயந்திரத்தில் இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரு உள்ளெடுப்பு வழியே இருந்தது. அவ்வழியின் நடுவே தடுப்பொன்றைப் புகுத்தி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி வழி கிடைக்கச் செய்தார். போட்டியாளர்கள் எட்டமுடியாதவாறு கார் முன்னேறவே, அத்தகைய மாற்றத்தைத் தடைசெய்யும் வகையில் விதி திருத்தப்பட்டது. விதியில் எழுதப்படாதவை யாவும் அனுமதிக்கப்பட்டவையே என்ற நோக்குடன் விதிநூலை வாசிப்பது அவரது இயல்பாயிற்று.

1952இல், ஹேசலிடம் பெற்ற 25 பவுண் கடனுடன், தந்தையார் நடத்திய விடுதியின் பின்புறத் தொழுவத்தில் லோட்டஸ் நிறுவனம் ஆரம்பமானது. ஹேசல் பின்னர் அவரது மனைவியானார். 1957இல் வெளிவந்த லோட்டஸ் செவின், வாரநாளில் வேலைக்கும் வார இறுதியில் பந்தயத்துக்கும் செல்லக்கூடிய கார். அதனைப் பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அக்காலத்தில் கொள்வனவு வரி இருக்கவில்லை. 1973இல் அதன் உற்பத்தி உரிமை கேற்றர்ஹாம் நிறுவனத்துக்குக் கைமாறிய பின்னரும் அதன் வாரிசுகள் தொடர்ந்து தயாரிக்கப்பட்டு வருகின்றன.

குடும்பக் காரைப் பந்தயக் காராக்கும் கலைக்கு 1963இல் வெளிவந்த லோட்டஸ் கோர்டினா சிறந்த உதாரணமாகும். சாதாரண ஃபோர்ட் கோர்டினாவின் கதவுகளும் முன், பின் மூடிகளும் அலுமினியத்தில் செய்யப்பட்டன. 1,558 சிசி கொள்ளளவுள்ள இரட்டைக் கம் தண்டு இயந்திரம் பொருத்தப்பட்டது. பின்புறத்துத் தட்டுவில்களுக்குப் பதிலாகச் சுருள்வில்கள் இடம்பெற்றன. 1964இல் ஜிம் கிளார்க் இக்காரில் பிரித்தானிய சலூன் கார் சம்பியன் பட்டத்தை வென்றார். எனினும் புதிய பின்புற அமைப்பு அச்சுப் பெட்டிக்கு மிகையான சுமையைக் கொடுத்தமையால் எண்ணெய்க் கசிவு ஏற்பட்டது. 1965இல் பழைய தட்டுவில்களே மீண்டும் பொருத்தப்பட்டன. ஓரிடத்தில் குறைத்த சுமை வேறோரிடத்தில் போய்ச் சேரும் என்பதை அது உணர்த்தியது.

போர்முலா வண் பந்தயத்தில் அவரது சாதனை மகத்தானது. 1962இல் லோட்டஸ் 25 மூலம், குழாய்ச் சட்டத்துக்குப் பதிலாக உடலே சட்டமாக அமையும் முறையைக் கொண்டுவந்தார். 1963க்கும் 1978க்கும் இடையில் லோட்டஸ் ஏழு தடவை தயாரிப்பாளர் சம்பியன் பட்டத்தை வென்றது. காரின் அடிப்பகுதியில் காற்றழுத்தத்தைக் குறைத்து, காரைத் தரையோடு இறுக்கும் நுட்பத்தால் 1978இல் மரியோ அன்ட்ரெற்றி உலக சம்பியனானார்.

ஆனால் அந்த வெற்றிகளுக்குக் கொடுக்கப்பட்ட விலை பெரிது. 1968 ஏப்ரல் 7ஆம் திகதி ஜேர்மனியின் ஹொக்கன்ஹைம் திடலில் ஜிம் கிளார்க் உயிரிழந்தார். 1969இல் பார்சிலோனாவில், ஒரே பந்தயத்தில் இரண்டு லோட்டஸ் கார்களின் பின்புற இறக்கைகளும் முறிந்தன. அவ்விபத்தில் காயமுற்ற ஜொக்கன் ரின்ட், கார்களின் உறுதி குறித்த தமது அச்சத்தைச் சப்மனுக்குக் கடிதமூலம் தெரிவித்திருந்தார். 1970 செப்டெம்பர் 5ஆம் திகதி இத்தாலியின் மொன்ஸா திடலில் ரின்ட் மரணமானார். முன்புறப் பிரேக் தண்டொன்று முறிந்ததால் விபத்து ஆரம்பித்தது என்றும், முறையாகப் பொருத்தப்படாத பாதுகாப்புத் தடுப்பே உயிரைப் பறித்தது என்றும் விசாரணை முடிவுசெய்தது. இறந்த பின்னர் உலக சம்பியனான ஒரேயொருவர் அவரே.

1982 டிசம்பர் 16ஆம் திகதி மாரடைப்பால் காலமானபோது சப்மனுக்கு வயது 54. அவ்வாண்டுதான் வட அயர்லாந்தில் அரச நிதியுதவியுடன் இயங்கிய டிலோரியன் கார்த் தொழிற்சாலை வீழ்ந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் தொழில் இழந்தனர். அக்காரை வடிவமைக்கவென லோட்டஸுக்குக் கிடைக்கவேண்டிய பெருந்தொகை வேறு கைகளுக்குத் திருப்பப்பட்டது பின்னர் அம்பலமானது. 1992இல் லோட்டஸின் நிதிப் பொறுப்பாளர் சிறை சென்றார். சப்மன் உயிரோடு இருந்திருப்பின் குறைந்தது பத்தாண்டுத் தண்டனை பெற்றிருப்பார் என நீதிபதி கருதினார்.

மேதைமை ஒருவரைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதில்லை. பந்தயக் காரிலிருந்து வானொலியையும் பின் ஆசனத்தையும் தயக்கமின்றிக் கழற்றலாம். பிரேக்கிலும் ஆசனப் பட்டியிலும் சில்லைத் தாங்கும் தண்டிலும் அவ்வாறு சிக்கனம் பார்க்க முடியாது. எதைக் கழற்றலாம் என்பதைச் சப்மனிடமிருந்து இன்றும் கற்கலாம். எதைக் கழற்றக்கூடாது என்பதையும் அவரது வாழ்வே கற்பிக்கின்றது.